பாலோவில் தொடங்கும் புவியியல்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த சில நாள்களில், படிவம் ஆறில் எந்தப் பாடங்களை எடுப்பது என்ற பேச்சு வீடுகளில் தொடங்கிவிடும். பொருளியல் என்றாலும் வணிகம் என்றாலும் பெற்றோர் பெரும்பாலும் மறுப்பதில்லை. பிள்ளை புவியியல் என்று சொன்னால் மட்டும், “அதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?” என்று கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. மூன்று தவணைக் காலத்தை ஒரு பாடத்திற்குக் கொடுக்கும் முன், அதன் பயனைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால், விடையைத் தேடிப் பெரிய நகரத்துக்குப் போகவேண்டியதில்லை. ஜொகூர் மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள பாலோ போன்ற ஒரு சிற்றூரே போதும்.

பாலோ, குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இரயில் பாதையில், பெக்கோக்கிற்கும் குளுவாங்கிற்கும் இடையில் அமைந்துள்ளது. ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள், இடையிடையே ரப்பர், நடுவே ஒரு கடைத்தெரு. இவ்வழியே செல்லும் பயணிக்கு இதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றலாம். புவியியல் மாணவர் ஊரின் பெயரிலிருந்தே தொடங்குவார். ‘பாலோ’ என்னும் மலாய்ச்சொல் நீர் தேங்கி நிற்கும் பள்ளத்தைக் குறிக்கும். பக்கத்து நகரமான குளுவாங்கின் பெயரோ பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முன்னோர் ஓர் இடத்தில் முதலில் எதைக் கவனித்தார்களோ, அதையே அந்த இடத்துக்குப் பெயராகச் சூட்டினார்கள். ஓர் ஊரில் நீர் தேங்கியது. மற்றோர் ஊரில் வௌவால்கள் கூட்டமாய்ப் பறந்தன. வௌவால்கள் வேறிடம் போகக்கூடும். பள்ளம் எளிதில் இடம் மாறாது.

புவியியல் நம் நாட்டு இடைநிலைப்பள்ளிகளில் படிவம் மூன்று வரை எல்லாருக்கும் உரிய பாடம். படிவம் நான்கிலும் ஐந்திலும் அது தேர்வுப் பாடமாகிவிடுகிறது. அதற்கு மேல் தொடர விரும்பும் பாலோ மாணவர்கள் குளுவாங் அல்லது சிகாமட் வட்டாரத்தில் படிவம் ஆறைப் படிக்கலாம். எஸ்.டி.பி.எம். புவியியலில் இயற்கைச் சூழலும் மானிடச் சூழலும் தனித்தனித் தவணைகளில் கற்பிக்கப்படுகின்றன. காற்று, மழை, ஆறு, பாறை, மண் ஆகியவை இயற்கைப் புவியியலைச் சார்ந்தவை. மக்கள்தொகை, குடியேற்றம், வேளாண்மை, போக்குவரத்து, நகரம் ஆகியவை மானிடப் புவியியலைச் சார்ந்தவை. இவற்றோடு நிலவரைபடத்தைப் படிக்கும் திறனும் மாணவரே களத்துக்குச் சென்று எழுதவேண்டிய இடுபணியும் உண்டு. தேர்வு வசதிக்காகப் பாடம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதே தவிர, நிலத்தில் அப்படிப்பட்ட கோடு எதுவும் இல்லை.

முதலில் மழை. தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பு எனப்படும் தித்திவங்சா மலைத்தொடர், தெற்கே வரவரத் தாழ்ந்து, ஜொகூரை எட்டும் முன்பே முடிந்துவிடுகிறது. ஜொகூரில் இருப்பவை தனித்தனியாக நிற்கும் மலைகள். குளுவாங் மாவட்டத்திலுள்ள குனோங் பெலுமுட் 1,010 மீட்டர் உயரமுடையது. குளுவாங் நகரையொட்டிய குனோங் லம்பாக் 510 மீட்டர். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும்போது, அதைத் தடுத்து நிறுத்தும் நீண்ட மலைச்சுவர் இங்கே கிடையாது. அதனால், ஜொகூரின் கிழக்குக் கரையோடு நில்லாமல் மாநிலத்தின் உட்பகுதியிலும் கனமழை கொட்டுகிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் பெய்வது வேறு வகை மழை. காலை வெயிலில் சூடேறிய காற்று மேலெழும்பிக் குளிர்ந்து, பிற்பகலில் இடியோடு இறங்கும். மழை என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்கியிருக்கின்றன. முதல் தவணையில் மாணவர் கற்கும் முதல் பயன், இவற்றை வேறுபடுத்திப் பார்ப்பதுதான்.

அடுத்து மண். மலேசிய மண்ணியலாளர்கள் ஒரு மண்வகையை முதன்முதலில் எந்த ஊரில் விவரித்தார்களோ, அந்த ஊரின் பெயரையே அதற்கு வைப்பது வழக்கம். நாட்டில் பரவலாகக் காணப்படும் ஒரு மண்வகை ‘ரெங்கம்’ வகை எனப்படுகிறது. ரெங்கம் என்பது குளுவாங் மாவட்டத்து ஊர். பாலோவிலிருந்து அதே இரயில் பாதையில் தெற்கே சென்றால் வரும். கருங்கல் எனப்படும் கிரானைட் பாறை, வெப்பத்தாலும் மழையாலும் பன்னெடுங்காலம் சிதைந்து உருவான செம்மஞ்சள் நிற மண் அது. ஆழமானது, நீரை நன்றாக வடியவிடுவது. ஆனால், ஓயாத மழை அதிலுள்ள சத்துகளைக் கழுவிக்கொண்டு போய்விடுவதால் வளம் குறைந்தது, புளிப்புத் தன்மையுடையது. பசுமையான காட்டைப் பார்த்து, அதன் அடியிலுள்ள மண்ணும் வளமானது என்று எண்ணுவது பலரும் செய்யும் பிழை. காட்டின் வளம் பெரும்பாலும் மரங்களிலும் உதிர்ந்து மக்கும் இலைகளிலும் இருக்கிறது. காட்டை அழித்தால் அந்த வளமும் போய்விடும். ஆழமான, நீர் தேங்காத, ஆனால் சத்துக் குறைந்த அந்த மண்ணில் ரப்பர் தாக்குப்பிடித்து வளர்ந்தது. உரமிட்டால் செம்பனையும் செழித்தது. தோட்டங்கள் இங்கே வந்ததற்கான காரணங்களுள் ஒன்று, மாணவரின் காலணியில் ஒட்டிக்கொண்டு வரும் இந்த மண்.

மழையும் மண்ணும் சேர்ந்தால் ஆறு. குளுவாங் மாவட்டத்து ஆறுகள் வேடிக்கையானவை. கஹாங் பக்கம் பெய்யும் மழை எண்டாவ் ஆற்றை அடைந்து, கிழக்கே தென்சீனக் கடலில் கலக்கிறது. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பெய்வதோ செம்புரோங் அணைப் பக்கமாக ஓடி, பத்து பகாட் ஆற்றின் வழியே மலாக்கா நீரிணையை அடைகிறது. இரண்டு கடல்களுக்கும் நீரைப் பங்கிட்டுத் தரும் இந்த இடத்தில், நீரைப் பிரிக்கும் மேடு சில இடங்களில் மிகவும் தாழ்வானது. கண்ணால் பார்த்து, இதுதான் அந்த மேடு என்று சொல்லிவிட முடியாது. நிலவரைபடத்திலுள்ள சமவுயரக் கோடுகளைப் பின்தொடர்ந்தால்தான் தெரியும். பாலோவில் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து சாக்கடையில் விழும் மழைநீர் எந்தக் கடலில் போய்ச் சேர்கிறது? ஊரில் பத்துப் பேரிடம் கேட்டால் எத்தனை பேர் தயங்காமல் பதில் சொல்வார்கள் என்று பார்க்கலாம்.

இந்தக் கேள்வி வெறும் பொழுதுபோக்கு அன்று. 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் ஜொகூர் பாருவில் ஒரே நாளில் 289 மில்லிமீட்டர் மழை பதிவானது. அம்மாதமும் 2007 ஜனவரியிலும் ஏற்பட்ட வெள்ளத்தில் சிகாமட், குளுவாங், பத்து பகாட், கோத்தா திங்கி முதலிய மாவட்டங்கள் மூழ்கின. மாநிலத்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2023 மார்ச் மாதம் மறுபடியும் பெருவெள்ளம். அம்முறை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களில் தங்கினர். உட்பகுதி ஊர்களில் நீர் வடிந்த பிறகும் பத்து பகாட் மாவட்டத்தில் வாரக்கணக்கில் வடியவில்லை. ஏன்? பெக்கோக் ஆற்றின் நீரும் செம்புரோங் ஆற்றின் நீரும் பத்து பகாட் ஆற்றில்தான் சேர்கின்றன. வந்து சேரும் இடமோ கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். கடல் ஏறும் நேரத்தில் ஆற்றுநீர் இறங்க வழியில்லாமல் நிற்கிறது. அப்பகுதியின் கரிச்சதுப்பு மண்ணோ, பயிருக்காக நீரை வடிக்க வடிக்க உலர்ந்து சுருங்கித் தாழ்ந்துகொண்டே போகும் இயல்புடையது. மேட்டில் பெய்த மழை, பல நாள்களுக்குப் பின் பள்ளத்தில் இருப்பவரின் வீட்டுக்குள் நுழைகிறது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். ஓர் எக்டர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், அங்கே விழும் நீர் 1,000 கன மீட்டர், அதாவது 10 இலட்சம் லிட்டர். நூறு எக்டர் தோட்டத்தில் விழுவது 10 கோடி லிட்டர். அந்த நீரில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு உடனே ஓடும் என்பது நிலத்தின் மேல் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காடு இருந்தால் இலைகளும் சருகும் வேரும் நீரைப் பிடித்து மெல்ல விடும். வளர்ந்த செம்பனை ஓரளவு பிடிக்கும். செம்பனை மரங்கள் ஏறத்தாழ 25 ஆண்டுகளில் முதிர்ந்துவிடுவதால், அவற்றைச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். நிலம் வெறுமையாகக் கிடக்கும் அந்த மாதங்களில் பெருமழை வந்தால், நீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடும். ஆற்றின் அடித்தளம் மேடாகும். அடுத்த மழைக்கு ஆறு முன்பைவிடக் குறைந்த நீரைத்தான் சுமக்கும். மறுநடவை எப்போது செய்வது, மூடுபயிரை எப்போது விதைப்பது என்று தோட்ட அலுவலகத்தில் எடுக்கும் முடிவும் வெள்ளத்தின் ஒரு பகுதியே. இந்த இடத்தில் இயற்கைப் புவியியல் முடிந்து மானிடப் புவியியல் தொடங்கிவிடுகிறது. மாணவர் அதைக் கவனிப்பதற்குள்ளாகவே.

பழந்தமிழர் இந்தப் பிரிவினையை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அந்த நிலத்திலுள்ள தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்றது. மக்களின் மனவுணர்வை உரிப்பொருள் என்றது. அது கவிதைக்கான இலக்கணமே தவிர, புவியியல் பாடநூல் அன்று. அதை அளவுக்கு மீறி விஞ்ஞானமாக்கிப் பேசுவது அந்நூலுக்கும் நல்லதில்லை. எனினும், நிலத்தையும் காலத்தையும் சொன்ன பிறகே மனிதரைப் பற்றிப் பேசவேண்டும் என்ற வரிசையை ஒரு புவியியல் மாணவர் தயங்காமல் ஏற்றுக்கொள்வார். தமிழ் மாணவருக்கு அந்த வரிசை ஏற்கெனவே பழகியதுதான்.

பாலோவுக்கு மனிதர் எப்படி வந்தனர்? 19-ஆம் நூற்றாண்டில் ஜொகூரின் உட்பகுதிக்கு ஆறுகளே சாலைகள். மிளகும் கேம்பியரும் பயிரிட்ட சீனக் குடியேறிகள் ஆற்றங்கரைகளிலேயே தங்கினர். அவர்களின் தலைவர் கங்சூ எனப்பட்டார். 1909-இல் கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரை இரயில் பாதை திறக்கப்பட்டபோது, ஆற்றங்கரை ஊர்களின் முதன்மை குறைந்து, நிலையமுள்ள ஊர்கள் எழுந்தன. அதே ஆண்டுகளில் உலகச் சந்தையில் ரப்பரின் விலை உச்சத்துக்கு ஏறியது. பாதையின் இருபுறமும் காடு தோட்டமாயிற்று. பின்னர் 1994-இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தது. அது பாலோவைத் தொடாமல், மேற்கே யோங் பெங் வழியாகச் சென்றது. நிலையத்தால் வளர்ந்த ஊர், நெடுஞ்சாலை எட்டிச் சென்றதால் ஓரத்துக்குப் போயிற்று. இப்போது கெமாஸ்-ஜொகூர் பாரு இடையே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்மயமாக்கப்பட்ட இரட்டைத் தண்டவாளம் போடப்பட்டு, பாலோவிலும் புதிய நிலையம் எழுந்திருக்கிறது. ஊர் நகரவில்லை, ஆனால் அதன் இருப்பிடம் மூன்று முறை மாறியிருக்கிறது. ‘அமைவிடம்’ என்பதற்கும் ‘தொடர்புநிலை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தமிழர்கள் இந்தக் கதைக்குள் ரப்பரோடு வந்தவர்கள். பெரும்பாலோர் கங்காணிகளால் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து அழைத்து வரப்பட்டனர். அந்த இடப்பெயர்ச்சியை முதன்முதலில் முழுமையாக ஆராய்ந்த அறிஞர்களுள் ஒருவர் வரலாற்றாசிரியர் அல்லர், புவியியலாளர். மலாயாப் பஞ்சாபியரான கெர்னியல் சிங் சந்து எழுதிய ‘மலாயாவில் இந்தியர்கள்’ என்னும் ஆங்கில நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1969-இல் வெளியிட்டது. 1786 முதல் 1957 வரையிலான இந்தியர் குடிவரவையும் குடியமர்வையும் அது ஆராய்கிறது. யார் வந்தார்கள் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த மாவட்டத்திலிருந்து புறப்பட்டார்கள், எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், இரயில் பாதையையும் ரப்பரையும் ஒட்டி எப்படிப் பரவினார்கள் என்று வரைபடங்களாகவே காட்டினார். ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இங்கே நிலைக்கவில்லை, திரும்பினர் அல்லது மாண்டனர் என்ற செய்தி, பேரப்பிள்ளைகளின் நாட்டு வரலாற்றையே வேறு கண்ணோடு பார்க்கவைக்கிறது. சந்து பின்னர் சிங்கப்பூரிலுள்ள தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தின் இயக்குநராக 1972 முதல் 1992-இல் இறக்கும் வரை பணியாற்றினார். புவியியல் படித்து என்ன செய்வது என்று கேட்பவருக்கு இவரையும் சொல்லலாம்.

அவசரகாலத்தைப் பற்றியும் சந்து ஆராய்ந்தார். 1964-இல் வெப்பமண்டலப் புவியியலுக்கான ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரை, மறுகுடியமர்த்தலைப் பற்றியது. 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். இது பலரும் அறிந்த செய்தி. தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் வேலை செய்தோரும் பெருமளவில் ஓரிடத்தில் திரட்டிக் குடியமர்த்தப்பட்டனர் என்பது அவ்வளவாக அறியப்படாதது. தோட்டத்தின் பல மூலைகளில் பிரிந்து கிடந்த லயங்கள் ஒரே இடத்துக்கு வந்தன. இன்று ஒரு முதியவர் தம் தோட்டத்தை நினைவுகூர்ந்து, கோயிலும் பள்ளியும் லயங்களும் நெருங்கி நின்றன என்று சொன்னால், அந்த நெருக்கத்துக்கு மக்களின் ஒற்றுமை ஒரு காரணம். அரசாங்கத்தின் முள்வேலி இன்னொரு காரணமாகவும் இருக்கக்கூடும். எது எந்த அளவுக்கு என்று அறிய அந்த இடத்துக்குப் போய்த்தான் கேட்கவேண்டும்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1950-களிலும் 60-களிலும் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றனர். அதை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஒரே அளவு நிலத்துக்குச் செம்பனை கேட்கும் ஆள்பலம் குறைவு. பிள்ளைகள் தொழிற்சாலைகளைத் தேடிக் குளுவாங்கிற்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போயினர். 1970-இல் நாட்டு மக்களில் கால்பங்குக்குச் சற்று அதிகமானோரே நகர்ப்புறத்தில் வாழ்ந்தனர். 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 75 விழுக்காடு. புள்ளிவிவரம் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. லயம் காலியாவதற்கு அவ்வளவு குறைந்த நேரம் போதாது. முதலில் இளைஞர் போவர். பிறகு பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறையும். பிறகு கடை மூடும். கடைசியில் கோயில் திருவிழாவுக்கு மட்டும் வெளியூரிலிருந்து வண்டிகள் வரும்.

இங்கேதான் இடுபணி வருகிறது. மாணவர் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு கேள்வியை வகுத்து, தரவுகளைத் திரட்டி, அறிக்கை எழுதவேண்டும். பாலோ வட்டார மாணவர் ஒருவர், ‘ஒரு தோட்டக் குடியிருப்பின் நிலப்பயன்பாட்டு மாற்றம்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு எளிது, ‘மலேசியத் தோட்டங்களின் வரலாறு’ என்று பரந்த தலைப்பை எடுப்பவரைவிட இவர் கரையேற வாய்ப்பு அதிகம். முதலில் அவர் 1:50,000 அளவுத்திட்டத்திலான நிலவரைபடத்தைப் பார்ப்பார். அதில் இரண்டு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் ஒரு கிலோமீட்டர். லயங்கள் இருந்த இடத்தில் சில கறுப்புக் கட்டங்கள் இருக்கும். புதிய செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தில் செம்பனை வரிசைகள் இருக்கும். மாற்றம் நடந்தது தெரிகிறது. ஏன், எப்போது, யாருக்கு என்பது தெரியவில்லை.

அடுத்து அவர் அங்கே வாழ்ந்த பாட்டி ஒருவரைத் தேடிப் போவார். வினாநிரலை நீட்டி, ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறிக்கச் சொன்னால் பாட்டி இரண்டு வரியில் முடித்துவிடுவார். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, “பாட்டி, நம்ம தோட்டம் எப்படி இருந்துச்சுன்னு காட்டுங்க” என்று கேட்டால் கதை வேறு. பிரட்டுக் களம் இங்கே, கிராணி வீடு அந்த மேட்டில், ஆயாக்கொட்டகை ஓடைக்கு இந்தப் பக்கம், பால் நிறுக்கும் கொட்டகை சாலையோரம் என்று விரல் நகரும். வெள்ளம் வந்தபோது தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்பதும் அந்தத் தாளில் வந்துவிடும். அந்த வட்டாரத்தின் வெள்ள அளவை வேறெந்தப் பதிவேட்டிலும் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. இயற்கைப் புவியியலுக்கு வேண்டிய தரவை மானிடப் புவியியல் முறை தேடித் தந்துவிட்டது.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பாட்டி பேசுவது தமிழ். அறிக்கை எழுதவேண்டியது மலாய்மொழியில். ‘லயம்’ என்பதை நீண்ட வீடு என்று எழுதலாமா? சரவாக்கின் நீண்ட வீடு வேறு, தோட்டத்து லயம் வேறு. ‘பிரட்டு’ என்பதைக் காலைக் கூட்டம் என்று மொழிபெயர்த்தால், விடியும் முன் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்த அந்த நிமிடங்கள் அதில் இருக்குமா? நல்ல அறிக்கை அச்சொற்களை அப்படியே வைத்து, ஒரு வரியில் விளக்கம் தரும். பத்துக் கல் தள்ளி வாழும் வேறு மாணவர் எவ்வளவு திறமைசாலியானாலும் அந்தப் பாட்டியிடம் இந்தச் சொற்களைப் பெற முடியாது. தமிழறிந்த புவியியல் மாணவருக்கு மட்டும் திறக்கும் கதவு இது. அதிக நாள் திறந்திருக்கவும் போவதில்லை. பாட்டிமாரின் வயதை எண்ணிப் பார்த்தால் போதும்.

களப்பணியில் கவனிக்கவேண்டியவை சில. தோட்ட நிலம் தனியாருக்குரியது. அனுமதி பெற்றே நுழையவேண்டும். பேட்டி கொடுப்பவரிடம் நோக்கத்தைச் சொல்லி, ஒப்புதல் பெற்ற பிறகே குரலைப் பதிவுசெய்யவேண்டும். முதியவர் ஒருவரின் நினைவை மட்டும் நம்பாமல், இன்னும் இருவரிடமாவது கேட்டு ஒப்பிடவேண்டும். ஆண்டு குறித்து மூவரும் மூன்று விதமாகச் சொன்னால், யாரும் பொய் சொல்கிறார் என்று பொருளில்லை. மகள் பிறந்த ஆண்டு, பெருவெள்ளம் வந்த ஆண்டு, துரை மாறிய ஆண்டு என்று அவர்கள் தங்கள் வாழ்க்கையை வைத்துக் காலத்தை அளக்கிறார்கள். மாணவர் அந்த அளவுகளை நாட்காட்டியோடு பொருத்தவேண்டும். மழை அளவுகளுக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பதிவுகளைப் பார்க்கலாம். அவற்றோடு, வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானியை வைத்து, நாள்தோறும் காலை 8 மணிக்கு அளந்து எழுதினால், பருவமழைக் காலம் முடிவதற்குள் தம் ஊருக்கென ஒரு சிறு தரவேடு அவரிடம் இருக்கும்.

இனி, பெற்றோர் கேட்ட கேள்வி. மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் 1959 முதல் புவியியல் துறையைக் கொண்டிருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் இப்பாடத்தைத் தொடரலாம். அங்கிருந்து ஆசிரியப் பணி, நகரத் திட்டமிடல், புவியியல் தகவல் முறைமை, சுற்றுச்சூழல் மதிப்பீடு, பேரிடர் மேலாண்மை எனப் பல பாதைகள் பிரிகின்றன. ஊராட்சி மன்றத்தில் ஒரு வீடமைப்புத் திட்டத்துக்கான வரைபடம் மேசைக்கு வரும்போது, அந்த இடத்தின் பெயரே ‘நீர் தேங்கும் பள்ளம்’ என்று சொல்கிறதே என்று நிறுத்திக் கேட்கக்கூடிய ஒருவர் அங்கே இருக்கவேண்டும். அந்த நாற்காலிக்குச் சம்பளம் உண்டு.

மாணவரின் மேசைமேல் இப்போது இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. ஒன்று, அளவுத்திட்டத்தோடு அச்சிட்டது. மற்றொன்று, பாட்டி வரைந்தது. அதில் வடக்கு எந்தப் பக்கம் என்ற குறி இல்லை, கோயில் மட்டும் மற்றெல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது. அவர் அச்சிட்ட வரைபடத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து, ஓடையின் வளைவை முதலில் வரைகிறார், பிறகு சாலை. அவை இரண்டையும் அடையாளமாகக் கொண்டு, லயங்களை ஒவ்வொன்றாக அவற்றுக்குரிய இடத்தில் குறித்துக்கொண்டு வருகிறார்.